மூன்றாம் சரணத்தில் அழுகிறவன்

லாவெல் ஸ்டிகர் மூன்றாம் சரணத்தில் அழுவான் என்பது அலபாமாவின் வடகோடியில் பாட்டுக் கேட்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டாம் சரணம் முடியும்போதே பெண்கள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸைக் கீழே வைப்பான். ஆர்கன்காரன் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். "படி வந்தாச்சு" என்று லாவெல் எடுப்பான். எடுத்த இடத்திலேயே தொண்டை உடையும், ஒரு முழங்கால் மடங்கும். அவ்வளவுதான், கூடம் முழுக்க ஒப்பாரி. புருஷனைப் பறிகொடுத்தவள், ஓடிப்போனவனை மறக்க முடியாதவள், வீட்டில் பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லாத முரட்டு ஆள், எல்லாரும் அழுவார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் பொரித்த மீனும் பீரும் கேட்பார்கள். மனசு லேசாகிவிட்டது என்று வண்டி ஏறுவார்கள்.

சோல் பாட்டு, ஆத்மாவிலிருந்து எழுகிற பாட்டு, என்றால் எங்களுக்கு இதுதான். வடக்கே பெரிய நகரத்தில் ஜிகினாச் சட்டை போட்டுக்கொண்டு நாலுபேர் சேர்ந்து ஆடுகிற பாட்டைக் கேட்டுவிட்டு வந்து எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். இங்கே பாட்டு மெதுவாகத்தான் நடக்கும். நெஞ்சில் கிடப்பதை அள்ளி வெளியே வைக்க ஒரு மனுஷனுக்கு நேரம் வேண்டாமா?

வார நாட்களில் லாவெல் ஹோலிஸ் கிராஸிங் உரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பாட்டில் பேர் வாங்கினானே ஒழிய, சோறு போட்டது மூட்டைதான். மொத்தம் ஒரே ஒரு ரிக்கார்டு வெளிவந்தது. நாலு மாநிலத்துச் சாராயக் கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிக்குள் அது சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் அது எங்கும் போகவில்லை, அவனும் போகவில்லை.

அந்தப் பாட்டு அவனுடையது இல்லை, அவன் அம்மா ஓஸியுடையது. மூத்தவன் ஜூனியஸ் மர ஆலையில் வேலை பார்த்தான். அடுக்கியிருந்த கட்டைகள் சரிந்து அவன்மேல் விழுந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போகிற கதவுக்கு இந்தப் பக்கமே ஓஸியை நிறுத்திவிட்டார்கள். கறுப்புப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கிற காலம் இல்லை அது. அங்கே நின்றபடி அவள் ஜெபம் பண்ணினாள், ஜெபம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டாகிவிட்டது. "என்னை இங்கேயே நிறுத்திட்டாங்க. கர்த்தாவே, நீ வாசல் வரைக்கும் அவன்கூடப் போ. காலு தடுக்கும், கையப் புடிச்சுக்கோ. படி வந்தாச்சு." சாயங்காலம் ஜூனியஸின் பூட்ஸைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். ஒன்றில் கயிறு இல்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது அவள் சபையில் எழுந்து அந்தப் பாட்டை எடுப்பாள். சபை கூடவே பாடும்.

அண்ணன் சாவுக்கு லாவெல் அழவில்லை. வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை இனி அவன்தான். பந்தலுக்கும் பெட்டிக்கும் ஓடவே நேரம் சரியாக இருந்தது.

சில வருஷம் கழித்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய டயர் கிடங்கை ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்த ஹாலம் என்கிற வெள்ளைக்காரர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். வாசிக்கிறவர்களும் வெள்ளைக்காரப் பையன்கள்தான். ஆனால் கையை வைத்தால் எங்கள் சர்ச்சில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி வாசிப்பார்கள், எங்கே கற்றார்களோ. லாவெல் கொண்டுபோன பாட்டு எதுவும் ஹாலமுக்குப் பிடிக்கவில்லை.

"வேற ஒண்ணும் கிடையாதாய்யா? மெதுவா, நெஞ்சப் புடிச்சு இழுக்கற மாதிரி?"

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தான். கர்த்தாவே என்று இருந்த இடத்தில் கண்ணே என்று போட்டான். எங்கள் பக்கத்துப் பாடகன் ஒவ்வொருத்தனும் செய்கிற காரியம்தான்: சர்ச்சில் கற்ற பாட்டிலிருந்து ஆண்டவரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை மாட்டுவது. மெட்டு அதேதான், கெஞ்சலும் அதேதான். விட்டுப்போகிற பெண்ணைப் பார்த்து ஒருத்தன், வாசல் வரைக்குமாவது கூட வா என்று கெஞ்சுகிற பாட்டாக அது மாறிவிட்டது.

இரண்டு சரணம் நன்றாகவே போயிற்று. மூன்றாவதில் "படி வந்தாச்சு" என்று வாயெடுத்தபோது, எங்கிருந்தோ அந்த பூட்ஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, கயிறு இல்லாத பூட்ஸ். தொண்டை உடைந்து, முழங்கால் மடங்கிவிட்டது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ பாடி முடித்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், கெடுத்துட்டேன். இன்னொருவாட்டி எடுத்துருவோம்."

கிதார் பையன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹாலம் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னொருவாட்டியா? அதுமேல ஒரு விரல் பட்டுச்சுன்னா உன்னத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

அது உண்மையான அழுகை. அதில் சந்தேகமே வேண்டாம். ரிக்கார்டில் கேட்கிற அந்த அழுகை ஜூனியஸுக்காக அழுதது.

வம்பு அதற்கப்புறம்தான் பிடித்தது. கிளியோன் என்கிற தடியன் ஊர் எல்லையில் மீன் பொரித்து, பீர் விற்று, பாட்டும் வைத்துப் பிழைப்பவன். அவன் கடையில் லாவெல் முதல் தடவை பாடியபோது மூன்றாம் சரணத்தை நல்ல சுத்தமாகப் பாடிவிட்டான். சனங்களுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, ரிக்கார்டுல அப்படி அழுதே, இங்க ஏன் அழமாட்டேங்கறே? எங்க காசு செல்லாத காசா?" என்று ஒருத்தி கேட்டாள். கூடமே சிரித்தது.

அடுத்த தடவை அவன் பூட்ஸை நினைத்துக்கொண்டான், அழுகை வந்தது. அதற்கடுத்த வாரமும் நினைத்தான், வந்தது. நினைத்து நினைத்து ஒருநாள் அது வெறும் பூட்ஸ் ஆகிவிட்டது. அதற்குள் தொண்டைக்குப் பழகியிருந்தது. எந்த எழுத்தில் மூச்சை அடைக்க வேண்டும், எந்த இடத்தில் முழங்காலை விட வேண்டும் என்று உடம்பே பார்த்துக்கொண்டது. ஒரு அம்மாள் பாட்டு முடிந்ததும் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, என் மகன் வியட்நாம்ல போயிட்டான். என்னால அழமுடியல. எனக்காக நீ அழுதுட்டே" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் நெஞ்சு ஆறியதும் பொய்யில்லையே. அவன் யாரிடம் போய் இதைச் சொல்லுவான்?

ஓஸிக்கு விஷயம் முடி நீவுகிற கடையில் தெரிந்தது. சனிக்கிழமை, சூடான சீப்பால் ஒரு பக்கத்து முடியை நீவி முடித்திருந்தார்கள். ரேடியோவில் மகன் குரல் வந்தது. எழுந்தாள், காசை வைத்தாள், ஒரு பக்கம் படிந்த முடியும் ஒரு பக்கம் சுருண்ட முடியுமாகக் கடைத்தெரு வழியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். தொப்பி இல்லாமல் அஞ்சல் பெட்டி வரைக்கும்கூடப் போகாதவள் அவள்.

"ஏண்டா, உங்கண்ணன எங்கடா விட்டே?"

"என்னம்மா சொல்றே?"

"அந்தப் பாட்டுக்குள்ள உங்கண்ணன் இருந்தான். அவன ஆண்டவர் கையில புடிச்சுக் குடுத்திருந்தேன். நீ அந்தக் கைய எடுத்துட்டு எவ கையையோ வச்சிருக்கே. இப்ப அவன் யார் கையப் புடிச்சிக்கிட்டு நிப்பான்?"

அவள் திட்டியிருந்தால், இரண்டு அடி வைத்திருந்தால் தேவலாம். அதற்குப் பிறகு அவள் சபையில் அந்தப் பாட்டை எடுக்கவேயில்லை. அந்த நாள் வரும், போகும்; அவள் உட்கார்ந்தபடியே இருப்பாள். கடைகளில் பாடுகிறவன் பாடகர் மேடை ஏறக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். லாவெல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் ஆராதனை கேட்டுவிட்டுப் போவான்.

சர்க்கரை வியாதி ஓஸியின் காலை அரித்தது, பிறகு சிறுநீரகத்தையும் பிடித்தது. மூத்த மகள் வெர்னெல் சலவைக் கடை வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் ஓஸி லாவெலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் போறப்ப நீதான் பாடணும். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், விடறேன்னாரு."

"பழைய வார்த்தைய வச்சே பாடறேன்மா. ஒரு எழுத்து மாத்தமாட்டேன்."

"வார்த்தை கிடக்குது, விடு. வார்த்தைய யார் வேணா மாத்திக்கலாம். மூணாவது சரணத்துல உனக்கு முட்டி மடங்குமாமே? அக்கா சொன்னா."

அவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அழுகைய என் பெட்டி முன்னால கொண்டாந்துராதே லாவெல். அழுகை வந்தா அழு. வரலன்னா வெறுமனே பாடு, அதுபோதும். என் புள்ளையா நின்னு ஒருவாட்டி பாடு. அதப் புடிச்சிக்கிட்டே நான் உங்கண்ணன்கிட்ட போய்ச் சேந்துருவேன்."

"சத்தியமாம்மா."

அவன் சும்மா சொல்லவில்லை. கிளியோன் கடைக்குப் போவதை நிறுத்தினான். கிளியோன் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்னடா, சாமியாராப் போறியா? சனங்க என்னப் புடிச்சித் திங்கறாங்க" என்று கத்தினான். லாவெல் கதவைச் சாத்திவிட்டான். கிடங்கில் சாப்பாட்டு வேளையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று முழங்கால் இரண்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டு பாடிப் பழகினான். கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய்க்கு மறுபடியும் சொல்லிக்கொடுத்தான். மூன்றாம் சரணத்தைச் சுத்தமாகப் பாடி முடித்த நாளில் அவனுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், பிறகு எப்படிப் போனாலும் சரி என்று நினைத்தான்.

சோளம் கதிர் விட்ட சமயத்தில் ஓஸி போய்ச் சேர்ந்தாள். லாவெலுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கட்டியாக நின்றது, அசையவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், தெளிவாகப் பாடலாம் என்று தேற்றிக்கொண்டான்.

சபை நிரம்பி வழிந்தது. வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாகப் பெண்கள், யாராவது தாங்கமாட்டாமல் விழுந்தால் பிடிக்க, ஓரங்களில் நின்றார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் கொடுத்த அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. பாஸ்டர் கேடிஸ் தலையசைத்தார். லாவெல் மேடை ஏறினான். பெட்டி திறந்திருந்தது, அம்மாவின் முடியை இரண்டு பக்கமும் ஒரே சீராக நீவியிருந்தார்கள்.

முதல் சரணத்தில் கர்த்தாவே என்று சரியாக வந்தது. இரண்டாவதும் சரியாக வந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் பாடுகிறோம் என்று அவன் நினைத்தான். ஒரு கணம் அப்படியே இருந்தது.

அப்புறம் ஆர்கன் ஒரே சுரத்தில் நின்றது. வாசித்த அம்மாள் பக்தி உள்ளவள், சாராயக் கடை வாசலை மிதிக்காதவள். ஆனால் ரிக்கார்டில் அந்த இடத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. லாவெல் நிமிர்ந்து பார்த்தான். பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். விசிறிகள் நின்றுவிட்டன. அவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்த பரிசுத்தவான்கள் அத்தனை பேரும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ரிக்கார்டைக் கேட்டிருக்கிறார்கள். வெட்கங்கெட்ட சனங்கள். எல்லாரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"படி வந்தாச்சு" என்றான்.

தொண்டை உடைந்தது. முழங்கால் மடங்கியது. மைக் இல்லாத இடத்தில் கை போய் மைக்கைப் பிடிக்கிற மாதிரி மூடிக்கொண்டது. சபை இடிந்து விழுந்த மாதிரி அழுதது. இரண்டு பெண்கள் மயங்கி விழ, வெள்ளைக் கையுறைகள் ஓடிப் பிடித்தன. பாஸ்டர் கேடிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தச் சத்தத்துக்கு நடுவே மேடையில் லாவெல் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு முழந்தாளில் இருந்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடக்கம் முடிந்து சர்ச் பின்கூடத்தில் சாப்பாடு. கோழி, கீரை, சோள ரொட்டி. ஆளாளுக்கு வந்து கட்டிக்கொண்டார்கள். "உங்கம்மா மேல இருந்து கேட்டிருப்பாடா." "இப்படி ஒரு மகன் பாடி வழியனுப்ப யாருக்குக் குடுத்து வச்சிருக்கு?" அவன் தலையை ஆட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டான். வெர்னெல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"முட்டியக் கூடவாடா நேரா வச்சுக்க முடியல?"

"நான் செய்யலக்கா. அதுவா வந்துச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் அவன் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். பிறகு கிளியோன் வந்து கூப்பிட்டபோது மறுக்கவில்லை. எதைக் காப்பாற்ற மறுப்பது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்குப் பின்னால் மைதானத்தில் மீன் பொரிக்கிறார்கள், பலகை மேடை போட்டிருக்கிறார்கள், நல்ல வெயில். ரொம்ப நாள் கழித்து லாவெல் பாடுகிறான் என்று தூரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கண்ணே என்று ஆரம்பித்தான். முதல் சரணம் தானாக ஓடியது. இரண்டாவதில் "காலு தடுக்கும்" என்ற இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால் சாலையில் யாரோ ஒரு கிழவி தொப்பி இல்லாமல் நடந்து போனாள். யாரோ என்னவோ. லாவெலுக்கு ஒரு பக்கம் படிந்து ஒரு பக்கம் சுருண்ட அம்மாவின் தலை நினைவுக்கு வந்தது. கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்க, அப்படியே நடந்து வந்திருக்கிறாள். அவனால் வந்தது. நெஞ்சில் நின்ற கட்டி அப்போது அசைந்தது.

அது பாட்டில் அடங்குகிற அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது, நாய் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அம்மா, அம்மா என்றான். மைக் அதையும் வாங்கிப் போட்டது. ஆர்கன்காரன் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான். லாவெல் பலகைமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

கூட்டத்தில் யாரும் அழவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னய்யா இது, இன்னும் ரெண்டாவதுதானே ஓடுது?"

"ஊத்திக்கிட்டு வந்திருக்கான்."

"மூணாவதப் பாடச் சொல்லுங்கப்பா. நான் அதுக்குத்தான் அவ்வளவு தூரத்திலருந்து வந்தேன்" என்றாள் ஒருத்தி, கையில் கைக்குட்டையோடு.

கிளியோன் மேடையேறி அவனைக் கைத்தாங்கலாக இறக்கினான். கெட்டவன் இல்லை அவன். "போடா, பின்னால போய்க் கொஞ்சம் உக்காரு" என்று முதுகில் தட்டி அனுப்பினான். பிறகு கடைக்குள் போய்ப் பாட்டுப்பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துக் காசைப் போட்டான்.

பீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்த சுவரோரம் லாவெல் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து இளம் வயசு லாவெல் பாடினான். முதல் சரணம், இரண்டாவது, அப்புறம் படி வந்தாச்சு. அண்ணனுக்காக என்றோ உடைந்த தொண்டை மறுபடியும் அதே இடத்தில் உடைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மைதானமே ஓவென்று அழுதது. அம்மாவுக்காக வந்த அழுகை அதற்குள் நின்றுபோயிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தான், திரும்பி வரவில்லை.

கிளியோன் ஒரு ஈரத்துணியோடு வந்தான்.

"மூஞ்சியத் தொடச்சுக்கோ. சனங்க போகாம உக்காந்திருக்காங்க. இன்னொரு சுத்து நிப்பியா?"

"நிக்கறேன்."

"மூணாவதுல?"

லாவெல் முகத்தைத் துடைத்துத் துணியைத் திருப்பிக் கொடுத்தான்.

"அழறேன். போய்ச் சொல்லு அவங்ககிட்ட."